டெய்சி குடியிருந்த மாடி

விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு ஒரு பெண், முகத்தில் பாதி அழிந்த பவுடரும் தலையில் வாடிய கனகாம்பரமும் தோளில் ஜிகினாச் சேலை பிதுங்கும் பையுமாகத் தனியாக ஊருக்குள் வந்து இறங்கினால் என்ன ஆகும்? கிராமமாக இருந்தால், அவள் வீடு போய்ச் சேருவதற்குள் நான்கு வாசல்களில் பெருக்குகிற விளக்குமாறு அப்படியே நின்றுவிடும். சாயங்காலத்துக்குள் அவள் எங்கே போனாள், யாரோடு போனாள் என்று அவளுக்கே தெரியாத செய்தியெல்லாம் அவள் காதுக்கு வந்து சேரும். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஒன்றும் ஆகாது. டீக்கடைக்காரர் "சக்கர கம்மியாதான?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்த நேரத்தில் அங்கே இறங்குகிற எல்லோருமே தூங்காத முகத்தோடும் கசங்கிய துணியோடும்தான் இறங்குகிறார்கள். அவர்களில் ஒருத்தியாக இறங்கி, டீயைக் குடித்துவிட்டு, டெய்சி தன் பாட்டுக்கு வீட்டுக்கு நடந்துவிடுவாள்.

இதற்காகவே அவளுக்கு அந்த ஊரின் நடுப்பகுதி பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. பன்னிரண்டு வருடமாக அந்த இடத்தின்மேல் அவளுக்கு ஒரு பைத்தியமே இருந்தது.

டெய்சி லைட் மியூசிக் பாடகி. வயது நாற்பத்துமூன்று. கோயில் திருவிழா, மாதா கோயில் பெருவிழா, தர்கா கந்தூரி, கல்யாண வரவேற்பு என்று எந்த மேடையாக இருந்தாலும் டூயட் பாட்டின் பெண் பாதி அவளுடையது. போஸ்டரில் ட்ரூப்பின் பெயர் பெரிதாக இருக்கும், ஆண் பாடகரின் படம் கூலிங் கிளாஸோடு இருக்கும், கடைசி வரியில் 'மற்றும் டெய்சி' என்று இருக்கும். அந்த 'மற்றும்' பற்றி அவளுக்கு வருத்தமில்லை. மாதத்தில் பதினெட்டு, இருபது நாள் அந்த 'மற்றும்' அவளைக் கோயம்புத்தூருக்கும் தூத்துக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் கூட்டிப் போய்ச் சோறு போட்டுக்கொண்டுதான் இருந்தது.

அதற்கு முன் அவள் இருந்தது வேளாங்கண்ணிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், புருஷன் வீட்டில். புருஷன் இறந்த பிறகு பாடப் போனாள். போன முதல் மாதத்திலேயே எதிர்வீட்டுக்காரி "நேத்து எங்க, முந்தாநேத்து எங்க" என்று வருகைப் பதிவேடு எடுக்க ஆரம்பித்துவிட்டாள். நாத்தனார் ஒருபடி மேலே போய், வேனில் எத்தனை ஆம்பளைகள் இருந்தார்கள் என்று எண்ணிச் சொன்னாள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்து வயது ஜெனிஷாவையும் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு டெய்சி கிளம்பிவிட்டாள். ட்ரூப்பில் கீபோர்டு வாசிக்கும் பிலோமின்ராஜ்தான் பாரதியார் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இந்த மாடியைப் பிடித்துக் கொடுத்தார். ஒரு கூடம், ஒரு சமையலறை, துணி காயப்போட நாலடி வெளி. வீட்டுக்காரர் சிவசுப்பிரமணியன் மகனோடு சென்னையில் இருந்தார். எழுத்து, பத்திரம் என்று எதுவும் கிடையாது, வாய்வார்த்தைதான். "ஒங்கள நம்பி விடுறேம்மா" என்றார். அதையே டெய்சி ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டாள். ரேஷன் கார்டும் ஆதாரும் புருஷன் ஊர் விலாசத்திலேயே கிடந்தன; மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மாடியின் அருமை வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மூன்று மணிக்கு போன் வரும்: "அக்கா, ஆறு மணிக்கு மாயவரத்துல இருக்கணும்." உடனே கீழே இறங்கினால் எட்டாவது அடியில் ஜாக்கெட் கொக்கி தைத்தாகிவிடும். இருபதாவது அடியில் இஸ்திரி வண்டி. முக்கில் மருந்துக் கடையில் தொண்டைக்கு மாத்திரை, அதை அடுத்து இரண்டு முழம் பூ, எதிரே காஜா மைதீன் கடையில் போனுக்கு ரீசார்ஜ். இருபதே நிமிடத்தில் அவள் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். கத்திப் பாடிப் பழகலாம். ஹாரன் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. பகல் பதினொரு மணிக்குத் தூங்கலாம். ஏன் இந்நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று கேட்க ஆளில்லை. நிசப்தமான ஊர்களில் லாட்ஜ் அறையில் படுத்தால் அவளுக்குத் தூக்கமே வராது. காரைக்காலில், கண்டக்டர் "கும்மோணம், கும்மோணம்" என்று கூவுவது ஜன்னல் வழியாக வர வர, கட்டையாய்த் தூங்குவாள்.

இதில் ஒரே குறை ஜெனிஷா. தனியே விட முடியாது என்பதால் ஆறாவதிலிருந்து அவளை நாகப்பட்டினத்துக் கான்வென்ட் விடுதியில் சேர்த்திருந்தாள். லீவுக்கு வருவாள். வந்தால் பாதி நேரம் கீழே அஞ்சுகத்தின் கடையில்தான் இருப்பாள்.

அஞ்சுகத்தைப் பற்றி இனிமேல் சொல்லத்தான் வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே உள்ள தையல்கடை அஞ்சுகத்துடையது. டெய்சியைவிட மூன்று வயது இளையவள். ஒன்பது வருடத்துக்கு முன் வந்து கடை போட்டாள். வீடு இங்கே இல்லை. பொறையாரில். கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி தாண்டி, நண்டலாற்றுப் பாலத்தையும் தாண்டினால் தமிழ்நாடு வந்துவிடும்; அங்கிருந்து காலை ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இரவு ஏழு மணி பஸ்ஸில் போவாள். புருஷன் அங்கே லோடு ஆட்டோ ஓட்டினான். ஒரே மகள் எழில்மதி, ஜெனிஷாவின் வயது.

வந்த இரண்டாம் மாதமே மாடிச் சாவி அஞ்சுகத்தின் கைக்குப் போய்விட்டது. டெய்சி கொடுக்கவில்லை, அவள் கேட்கவும் இல்லை, எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்தது. டெய்சி ஊரில் இல்லாத நாளில் தண்ணீர் பிடித்து வைப்பது அஞ்சுகம். கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பது, மீட்டர் பார்க்க வருகிறவனுக்குக் கதவு திறப்பது, மழைக்கு முன் துணியை எடுப்பது, எல்லாம் அஞ்சுகம். விடியற்காலையில் டெய்சி வந்து கதவைத் திறந்தால் குடம் நிறைந்திருக்கும், தோசை மாவு ஒரு கிண்ணத்தில் மூடியிருக்கும். 'இப்படி ஒருத்தி கிடைக்க நான் எந்த மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்' என்று டெய்சி மேடை மைக்கிலேயே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அஞ்சுகம் எந்த மேடைக்கும் வந்ததில்லை, ஏழு மணி பஸ் போய்விடும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள், ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டே அஞ்சுகம் கேட்டாள். "எழில இங்கயே ஸ்கூல்ல சேக்கலாம்னு இருக்கேங்க்கா. இந்த ஊரு அட்ரஸ் வேணுமாம். ஒங்க கதவு நம்பரப் போட்டுக்கட்டுமா?"

"இதுக்கு என்ன கேள்வி," என்றாள் டெய்சி.

எல்லைக்கோடு நடுவே ஓடுகிற ஊர்களில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. பாதிப் பேருக்கு ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். பெட்ரோல் இங்கே போடுவார்கள், படுக்கை அங்கே. ஒரு வெள்ளைத் தாளில், 'அஞ்சுகமும் அவர் குடும்பத்தாரும் மேற்படி கதவிலக்கத்தில் குடியிருந்து வருகிறார்கள்' என்று டெய்சி தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்ததை அன்று சாயங்காலமே மறந்தும் போனாள்.

இந்த வருடம் இரண்டு பெண்களும் பிளஸ் டூ முடித்தார்கள். இரண்டு பேருக்கும் நர்ஸிங் படிக்க ஆசை. காரைக்கால்காரர்களுக்கென்று ஒதுக்கின இடங்களில் ஒன்று கிடைத்துவிட்டால் படிப்பு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரிதான், அது டெய்சி நினைத்தே பார்க்க முடியாத தூரம். மதிப்பெண்ணில் ஜெனிஷா எழிலைவிட ஒரு விரக்கடை மேலே இருந்தாள். ஆனால் அவள் படித்தது அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். ஆகவே அவளுக்கு எல்லாமே குடியிருப்புச் சான்றிதழில்தான் இருந்தது. இத்தனை வருடம் இந்த ஊரில் குடியிருந்தோம் என்று ஒரு தாள். அது இல்லையென்றால் சீட்டு இல்லை.

இரண்டு அம்மாக்களும் ஒரே நாளில் ஒரே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பித்தார்கள். ஒரே கதவிலக்கம். அது சரியா என்று டெய்சிக்கு அப்போதே ஒரு நெருடல்.

"ரெண்டு பேரும் ஒரே நம்பரப் போட்டா ஏதும் சொல்ல மாட்டாங்களா?"

"ஒரு வீட்டுல ரெண்டு குடும்பம் இருக்கக் கூடாதாக்கா," என்றாள் அஞ்சுகம். "நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க. ஆபீசர் வந்தா நான் பாத்துக்கறேன்."

ஆனி மாதம். கோவில்பட்டிப் பக்கம் பதினோரு நாள் தொடர்ச்சியாகக் கச்சேரி. டெய்சி கிளம்பும்போது படியில் நின்று சொன்னாள்: "கதவத் தொறந்து காட்டு அஞ்சுகம். பீரோ மேல ஜெனிஷா மாதா கோயில்ல புதுநன்மை வாங்குன போட்டோ இருக்கு. அதையும் காட்டு."

பதினோராம் நாள், திரும்பி வரும் பஸ்ஸிலேயே போனுக்குச் செய்தி வந்துவிட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. டெய்சி அதை நான்கு தடவை படித்தாள். ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்றுதான் நினைத்தாள். அஞ்சுகத்துக்கு போன் போட்டாள், எடுக்கவில்லை. காரைக்காலில் இறங்கியபோது தையல்கடை பூட்டியிருந்தது. மாடிச் சாவியைக் காஜா மைதீன் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

காஜா மைதீனுக்கு முப்பத்தைந்து வயது. செல்போன் கவர், சார்ஜர் விற்பவன். டெய்சியை மேடையில் பார்த்த நாளிலிருந்து அவள் இந்தச் சந்தில் இருப்பதையே தன் சொந்தப் பெருமையாக நினைப்பவன். சாவியைக் கொடுத்தபடியே உற்சாகமாகச் சொன்னான்.

"ஆபீசர் வந்தாருக்கா. எங்கிட்டயும் கேட்டாரு. விடுவேனா? 'அவங்க ஊருலயே இருக்க மாட்டாங்க சார், அவ்வளவு பிஸி, இன்னக்கி கோயம்புத்தூர்னா நாளைக்கி தூத்துக்குடி'ன்னு அடிச்சு விட்டேன். கையெழுத்துகூட வாங்கிட்டுப் போனாரு."

டெய்சி தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். அவனைத் திட்ட மனம் வரவில்லை. பெருமை பேசப் போய்க் கெடுத்துவிட்டான், அவ்வளவுதானே, இதை ஆபீஸில் போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அஞ்சுகமும் கூட இருந்திருப்பாளே, அவள் சரியாகச் சொல்லியிருப்பாளே என்றும் நினைத்தாள். அந்த நினைப்போடுதான் தாலுக்கா ஆபீஸுக்குப் போனாள்.

அங்கே இருந்த எழுத்தர் பெண் நல்லவள். கோப்பைப் புரட்டி, "இன்னொரு வாக்குமூலமும் இருக்கும்மா," என்று தாழ்ந்த குரலில் படித்தாள்.

'மேற்படி கதவிலக்கத்தில் நானும் என் கணவரும் என் மகளும் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறோம். டெய்சி என்பவர் எனக்குத் தெரிந்தவர். கச்சேரிக்காக இந்தப் பக்கம் வரும்போது எங்கள் வீட்டில் தங்கிச் செல்வார். இப்படிக்கு, அஞ்சுகம்.'

டெய்சி மறுபடி படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் மறுபடி படித்தாள். இரண்டாவது தடவையும் அதே வார்த்தைகள்தான் இருந்தன. 'தெரிந்தவர்' என்ற சொல்லை டெய்சி தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஒன்பது வருடம். இந்த உடம்பின் சுற்றளவு, இளைத்தது பெருத்தது முதல்கொண்டு அவளுக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்தபோது தலைக்குத் தண்ணீர் ஊற்றியவள். தெரிந்தவராம்.

மறுநாள் கடை திறந்திருந்தது. அஞ்சுகம் மிஷினில் இருந்தாள். டெய்சியைப் பார்த்தும் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. தையல் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏன் அப்புடி எழுதினே?" என்றாள் டெய்சி.

தையல் ஒரு விளிம்பு வரை போய் நின்றது. அஞ்சுகம் நூலைக் கத்தரித்தாள். "நானா எழுதலக்கா. அந்தாளு வந்து நின்னுகிட்டு, ஒரே நம்பர்ல ரெண்டு விண்ணப்பம் இருக்கு, ரெண்டு பேருக்கும் சொந்தமுமில்ல, யாரு இங்க குடியிருக்கறது, ஒருத்தரச் சொல்லுங்கன்னாரு. சாவி எங்கையில இருக்கு. நான்னு வாயில வந்துடுச்சு."

"வாயில வந்தது சரி. நான் தெரிஞ்சவன்னு எழுதினது?"

"அப்பறம் ஒங்கள எப்புடித்தான் எழுதச் சொல்றீங்க?"

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல. ஒரே ஒரு போன்."

"போட்டிருந்தா நீங்க என்ன சொல்லிருப்பீங்க?" அஞ்சுகம் இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "ஒங்க மவளத்தான் சொல்லிருப்பீங்க. நான் எம்மவளச் சொன்னேன். நீங்க பாட்டுக்கு வருவீங்க, கதவத் தொறப்பீங்க, தண்ணி இருக்கும், மாவு இருக்கும். இந்த வீட்ட ஒம்போது வருசமா நடத்துனது யாருக்கா? ஒரு நாளாவது, நீயும் இங்கயே இருந்துக்கன்னு சொல்லிருக்கீங்களா? ஏழு மணி பஸ்ஸுக்கு நான் ஓடுறதப் பாத்துகிட்டேதான இருந்தீங்க."

டெய்சிக்கு அந்தப் பேச்சு சுட்டது. அது உண்மை என்பதால் அல்ல. இவ்வளவு நாளாக இவள் அதைக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள் என்பதால். மாவுக் கிண்ணத்தை மூடும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டா மூடினாள்? அப்படியானால் எந்தக் கிண்ணத்தை அன்பு என்று எடுத்துக்கொள்வது?

"சொல்லிருக்கலாமேடி," என்றாள் கடைசியில். "கேட்டிருந்தா கூடத்துல பாதிய ஒதுக்கிருப்பேனே."

"எழிலுக்கு சீட்டு வந்துரட்டும்க்கா. வந்ததும் நானே ஆபீஸுக்கு வந்து ஒங்களுக்கு எழுதித் தரேன். சத்தியமா."

எழிலுக்குச் சீட்டு வந்த பிறகு இவள் எழுதித் தருகிற தாளை வைத்துக்கொண்டு பஜ்ஜி மடிக்கலாம். ஜெனிஷாவுக்கான கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அன்று செவ்வாய்.

மேல்முறையீடு செய்யலாம், அக்கம்பக்கத்தில் மூன்று பேர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்று எழுத்தர் பெண் சொல்லியிருந்தாள். மூன்று பேர்தானே, முப்பது பேரே வருவார்கள் என்று டெய்சி கிளம்பினாள். இஸ்திரி வண்டி மருதையன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒங்க பேரு டெய்சிங்களா? நான் மாடி அக்கான்னே சொல்லிப் பழகிட்டேன்," என்றார். எந்த வருடம் வந்தீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று தாளில் கேட்டிருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். மருந்துக் கடைக்காரருக்கு அவளுடைய தொண்டை தெரியும், மகள் இருப்பது தெரியாது. பூக்காரம்மா, "எனக்கு எதுக்குத் தாயி ஆபீஸு, கோர்ட்டு," என்று ஒரு முழம் பூவைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினாள். சென்னைக்குப் போன் போட்டால் சிவசுப்பிரமணியன், "பன்னண்டு வருஷம் இருந்தீங்கன்னு எழுத்துல குடுத்தா நாளைக்கு வீட்டக் காலி பண்ணுவீங்களாம்மா," என்று மென்மையாகக் கேட்டுவிட்டு வைத்தார். காஜா மைதீன் ஒருவன்தான் நான் வருகிறேன் என்று கடையைச் சாத்தினான். ஆனால் அவன் ஏற்கெனவே ஒன்று எழுதிக் கொடுத்திருந்தான்.

யாரும் எதையும் கேட்காததால்தானே இந்த இடம் பிடித்திருந்தது. கேட்காதவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இந்தச் சந்தில் டெய்சி யார், எவ்வளவு நாளாக இருக்கிறாள், அவள் மகள் எந்த வகுப்பு என்று சாட்சி சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அஞ்சுகம்தான்.

வியாழக்கிழமை விசாரணை. மேலதிகாரி இரண்டு பேரையும் அழைத்திருந்தார். கண்ணாடி போட்ட, அலுத்துப்போன மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்கிறவராகத் தெரியவில்லை. எழில்மதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டெய்சியைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க அத்த," என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. டெய்சி தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

"ரெண்டு பேருமே குடியிருக்கோம்னு சொல்றீங்க. நான் ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணே கேக்கறேன்," என்றார் அதிகாரி. "அந்தச் சந்துல குழாத் தண்ணி எத்தன மணிக்கு வரும்?"

"காலைல ஆறு மணிக்கு," என்றாள் டெய்சி.

"அது முன்னாடி சார்," என்றாள் அஞ்சுகம். "ரெண்டு வருசமா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் விடுறாங்க."

"கரண்டு பில்லு கடைசியா எவ்வளவு வந்துச்சு?"

டெய்சி யோசித்தாள். அஞ்சுகம் சொன்னாள். குப்பை வண்டி எந்தெந்த நாள்? அஞ்சுகம் சொன்னாள். மழை பெய்தால் எந்த மூலையில் ஒழுகும்? டெய்சி கூடத்து மூலை என்றாள். அதைப் போன ஐப்பசியிலேயே அஞ்சுகம் ஆள் வைத்துப் பூசிவிட்டிருந்தாள், இப்போது ஒழுகுவது சமையலறையில். டெய்சிக்கு அது செய்தியாக இருந்தது. தன் வீட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைவிட இவளுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அத்தனையையும் அவள் கையில் கொடுத்துவிட்டுத்தானே ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தாள். வீட்டை ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தோமே, அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தாளே என்று ஆத்திரம் வந்தது.

"எனக்கும் தெரியும் சார்," என்றாள், குரல் உயர்ந்துவிட்டது. "மூன்ற மணிக்கு டீக்கடையில பாய்லர் வைப்பாங்க. பேப்பர் கட்டு எங்க எறங்கும்னு தெரியும். கருக்களாச்சேரிலேர்ந்து மீன் கூடயோட எந்த பஸ்ஸுக்கு வருவாங்கன்னு தெரியும். எந்தக் கடை ஷட்டர் மொதல்ல தொறக்கும்னு கண்ண மூடிகிட்டுச் சொல்லுவேன். பன்னண்டு வருசம் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அது பஸ்ஸுக்கு நிக்கிற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்கம்மா," என்றார்.

அவர் குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். டெய்சி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு சொல்லிவிட்டாள். சொல்லக்கூடாது என்று மூன்று நாளாக வைத்திருந்ததை, வெளியே அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தே சொன்னாள். "இவ பொறையாருலேர்ந்து வர்றவ சார். ராத்திரி ஏழு மணி பஸ்ஸுல தெனம் திரும்பிப் போறவ. ஒரு நாளும் என் வீட்டுல படுத்ததில்ல."

அஞ்சுகம் அதிகாரியைப் பார்த்தாள், டெய்சியைப் பார்க்கவில்லை. "கோவத்துல சொல்றாங்க சார். நல்லவங்கதான்."

அதிகாரி கோப்பிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து மேசையில் வைத்தார். டெய்சியின் கையெழுத்து. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது, அஞ்சுகத்தின் விண்ணப்பத்தோடு வந்திருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக இருந்தது.

"அஞ்சுகம் குடும்பம் அந்த வீட்டுல குடியிருக்குன்னு நீங்களே எழுதிருக்கீங்க. அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"அது சிநேகிதத்துக்கு எழுதினது சார்."

"சிநேகிதத்துக்கு எழுதுற எடம் இது இல்லம்மா." அவர் தாளைத் திரும்பக் கோப்பில் வைத்தார். "பொய்யின்னு சொன்னீங்கன்னா மொதல்ல ஒங்க மேலதான் கேஸு வரும். அந்தப் பொண்ணோட சீட்டும் போகும், ஒங்க பொண்ணுக்கும் ஒண்ணும் வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டெய்சி யோசித்தாள் என்று சொல்ல முடியாது. அஞ்சுகத்தின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த இடம். அந்தக் கை மேசை விளிம்பில் நடுங்காமல் இருந்தது. நான் சொல்ல மாட்டேன் என்று இவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று டெய்சிக்கு அப்போது புரிந்தது.

"அப்ப எழுதினது நெசம் சார்," என்றாள்.

பழைய உத்தரவே நிலைத்தது. காஜா மைதீன் வெளியே மரத்தடியில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தான்; அவனை யாரும் உள்ளே கூப்பிடவே இல்லை. எழில்மதி ஓடிவந்து அம்மாவிடம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அஞ்சுகம் அவள் தோளைத் தட்டி முன்னால் அனுப்பிவிட்டு, டெய்சிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கித் திருவாரூர்ல பாட்டு இருக்குல்ல," என்றாள். "பச்ச ஜாக்கெட்டுக்குக் கை வச்சு முடிச்சுட்டேன். போறப்ப எடுத்துக்குங்க."

டெய்சி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கேலி இல்லை, பயம்கூட இல்லை. உண்மையாகவே ஜாக்கெட்டைப் பற்றித்தான் சொல்கிறாள். அதுதான் டெய்சியால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். விலகி, சைக்கிள் நிறுத்துகிற கொட்டகை வரை நடந்தாள்.

போன் அடித்தது. கான்வென்ட் நம்பர். ஜெனிஷா அங்கே சிஸ்டர்களுக்கு உதவியாக இருந்துகொண்டு அட்மிஷனுக்காகக் காத்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பேச விடுவார்கள்.

"என்னாச்சும்மா?"

"கெடைக்கலடி."

ஜெனிஷா அம்மாவைத் தேற்றுகிற குரலில் வேகமாகப் பேசினாள். "நீ ஏன் தனியா போற? ஒனக்கு இதெல்லாம் பேசத் தெரியாது. அஞ்சுகம் அத்தயக் கூட்டிகிட்டுப் போம்மா. நம்ம வீட்டப் பத்தி அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். அவங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"சொல்லிட்டா," என்றாள் டெய்சி.

"என்ன சொன்னாங்க?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தாள். இன்றைக்கு அவளிடம் பொய் மிச்சமில்லை.

"அவங்க வீட்டுக்கு நாம வந்து போறவங்களாம்."